அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் இந்தப் பகுதியில் பழைய சிகரெட் அட்டைகளைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். ஒரு காலத்தில் சிகரெட் பாக்கெட்டுக்குள் படம் அச்சடித்த சின்ன அட்டை வைத்துக் கொடுத்தார்கள், வீட்டில் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று. அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அமெரிக்கர்கள் ஆடும் பேஸ்பால் ஆட்டத்தின் அட்டைகளைப் பற்றியவை. நம் கரையில் பேஸ்பால் அட்டையா என்று பத்திரிகை அலுவலகத்துப் பிள்ளைகள் கேட்டார்கள். எனக்கு ஆச்சரியம் இல்லை. கொழும்பு, ரங்கூன், பினாங்கு, ஹாங்காங் என்று போய்வந்தவர்களின் ஊர்கள் இவை. பரணில் என்ன இருக்கும் என்று யார் கண்டது?

நான் அட்டை வியாபாரி இல்லை. சிவகாசியில் தொழில் பழகி, ராமநாதபுரத்தில் 31 வருடம் அச்சகம் நடத்தியவன். காகிதத்தையும் மையையும் தொட்டுத் தொட்டுப் பழகிய கையை நம்பித்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் உம்மாவின் வாப்பா கொழும்பில் வியாபாரம் செய்தவர். அவருடைய டிரங்குப் பெட்டிக்குள் ஒரு பிஸ்கட் டப்பாவில் ஆறு சின்ன அட்டைகள் கிடைத்தன. தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள், சிலர் கையில் மட்டை. பின்பக்கத்தில் நான்கில் 'ஸ்வீட் கேப்போரல்', ஒன்றில் 'பீட்மாண்ட்', இன்னொன்றில் 'ஹிந்து' என்று இங்கிலீஷில் இருக்கிறது. ஹிந்து என்று போட்டிருப்பதால் அது மட்டும் நம் நாட்டில் அச்சடித்ததா? லட்சக்கணக்கில் விலை போகும் என்று மகன் சொல்கிறான். உண்மையா?
(ஒரு வாசகி, கீழக்கரை)

பதில்: இல்லையம்மா, அதுவும் அமெரிக்காவில் அடித்ததுதான். 'ஹிந்து' என்பது அந்த ஊர் சிகரெட் ஒன்றின் பெயர். நூறு வருடத்துக்கு முன்னால் அங்கே துருக்கிப் புகையிலைக்குப் பெரிய மவுசு. அதனால் கிழக்கு நாட்டுப் பெயராகத் தேடிப் பிடித்து சிகரெட்டுக்கு வைத்தார்கள். மெக்கா, ஹாசன், பாத்திமா என்ற பெயர்களிலும் அமெரிக்க சிகரெட்டுகள் இருந்தன. அவற்றோடும் பேஸ்பால் அட்டைகள் வந்தன.

ஊரைச் சொல்லும் வரி வேறு. பின்பக்கத்தில் பொடி எழுத்தைப் பாருங்கள். உங்கள் ஸ்வீட் கேப்போரல் அட்டைகளில் சிவப்பு மையில் 'தொழிற்சாலை எண் 30, 2ஆம் மாவட்டம், நியூயார்க்' என்று இங்கிலீஷில் சுருக்கி எழுதியிருக்கிறது. நீல மையில் இருக்கும் பீட்மாண்டில் 'தொழிற்சாலை எண் 25, 2ஆம் மாவட்டம், வர்ஜீனியா'. மாவட்டம் என்றால் நம் கலெக்டர் மாவட்டம் போல இல்லை. வரி வசூலுக்காகப் பிரித்த வட்டாரம். புகையிலைக்கு வரி போட வசதியாக அந்த நாட்டு அரசாங்கம் ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் எண் கொடுத்திருந்தது. அச்சகக்காரனுக்கு இதைப் பார்த்ததும் புரிந்துவிடும். நம் நாட்டிலும் 1867ஆம் வருடத்துச் சட்டம் நடப்பில் இருந்தவரை, அச்சகத்தின் பெயரும் ஊரும் போடாமல் ஒரு நோட்டீஸ்கூட அடிக்க முடியாமல் இருந்தது. எத்தனையோ கல்யாணப் பத்திரிகைகளில் அந்தப் பொடி வரியை நான் கோத்திருக்கிறேன், ஒருவரும் வாசித்ததில்லை. ஆனால் ஐம்பது வருடம் கழித்து அந்தக் காகிதம் எங்கே பிறந்தது என்று கேட்டால், பதில் அந்த வரியில்தான் இருக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த எண், சிகரெட் தயாரித்த இடத்துக்கு உரியது. அட்டைகளை அச்சடித்தது நியூயார்க்கில் இருந்த அமெரிக்கன் லித்தோகிராபிக் கம்பெனி. படத்தை முன்னால் ஒரே மாதிரி அடித்து, பின்பக்கத்தில் எந்த சிகரெட்டோடு போகிறதோ அந்தப் பெயரைப் போட்டார்கள். 1909 முதல் 1911 வரை வந்த வரிசை இது. சேகரிப்பவர்கள் 'டி206' என்பார்கள். 'டி' என்றால் டொபாக்கோ, அதாவது புகையிலை. மொத்தம் 524 அட்டைகள், 16 சிகரெட் பெயர்கள் என்பது நெடுநாள் கணக்கு. ஒரே முகம் பல முதுகோடு கிடைக்கும். முகம் பார்த்து மயங்குகிறோம், விலை பல சமயம் முதுகில் இருக்கிறது. ஸ்வீட் கேப்போரலும் பீட்மாண்டும் நிறையக் கிடைப்பவை. ஹிந்து அவற்றைவிட அரிது.

கடிதம் கண்டதும் டப்பாவோடு வரச் சொன்னேன். மகனோடு வந்தீர்கள். மற்ற வாசகர்களுக்காக அன்று பார்த்ததை எழுதுகிறேன். முதலில் ஸ்கேல் வைத்தேன். அகலம் 36 மில்லிமீட்டரும் சொச்சமும், உயரம் 67க்குக் கொஞ்சம் குறைவு. இந்த வரிசைக்கு உரிய அளவு அதுதான். சுற்றி வெள்ளைக் கரை. படத்துக்குக் கீழே பழுப்பு மையில் ஆட்டக்காரர் பெயரும் ஊரும். ஹிந்து அட்டையில் ஊர் நாஷ்வில். அமெரிக்காவின் தென்பகுதி லீக்கில் ஆடியவர்களின் அட்டைகளில் ஹிந்து முதுகு வருவதுண்டு, ஆக இதுவும் பொருந்துகிறது.

பிறகு பத்து மடங்கு லென்சை நாஷ்வில்லின் முதல் எழுத்தின் மேல் வைத்தேன். மை ஒரே திட்டமாக இருந்தது. எழுத்தின் ஓரத்தில் மட்டும் காகித நார் வழியே நூலிழை போலக் கசிந்திருந்தது. எங்கேயும் புள்ளி இல்லை. கன்னத்துக்கு நகர்த்தினேன். அங்கே ரோஸ் நிறம் சின்னச் சின்னப் பொட்டுகளாக, ஒன்று பெரிது ஒன்று சிறிது என்று ஒழுங்கில்லாமல் இருந்தது. கல் அச்சு வேலை அப்படித்தான் இருக்கும். நான் சிவகாசிக்குப் போன புதிதில், கல்லில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இருந்தார். சாமிப் பட காலண்டருக்கு முருகனின் கன்னத்தைக் கல்லில் பொட்டுப் பொட்டாகப் பேனாவால் வைத்து வளர்த்ததைப் பற்றி அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் கை வேலையை நியூயார்க் அட்டையின் கன்னத்தில் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. தொப்பியின் சிவப்பு ஒரு மயிரிழை இடப்பக்கம் விலகியிருந்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் தாளைத் தனித்தனியாக மெஷினில் விட்டு எடுத்தால் இப்படி ரிஜிஸ்டர், அதாவது நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் பொருத்தம், விலகும்.

ஆறும் பழைய அட்டைகள் என்பது என் தீர்மானம். விலை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. அமெரிக்காவில் பிஎஸ்ஏ, எஸ்ஜிசி போன்ற நிறுவனங்கள் பரிசோதித்து, நிலைமைக்கு மார்க் போட்டு, பெட்டியில் அடைத்துத் தருகின்றன. அந்தச் சான்று இல்லாமல் பெரிய விலை கிடைக்காது. அவசரப்பட்டு யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

அட்டைகள் கொழும்புக்கு எப்படி வந்தன என்று நேரில் வந்த அன்று கேட்டீர்கள். அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி 1890இல் போட்டிக் கம்பெனிகளை ஒன்றாகச் சேர்த்து உருவானது. 1902இல் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து வெளிநாட்டு வியாபாரத்துக்காக பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவை ஆரம்பித்தார்கள். ஆனால் பேஸ்பால் அட்டைகள் அமெரிக்கக் கடைகளுக்காகப் போட்டவை. கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய கப்பல்காரர் யாரோ கொடுத்திருக்கலாம் என்பது என் ஊகம். அந்த பிஸ்கட் டப்பாவைத் தூரப் போடாதீர்கள். டிரங்குப் பெட்டியில் அவருடைய கடிதம், பாஸ்போர்ட், கணக்கு நோட்டு ஏதாவது இருந்தால் அதே பையில் சேர்த்து வையுங்கள். அட்டை நியூயார்க்கில் பிறந்தது என்பதை அதன் முதுகே சொல்லும். கீழக்கரைக்கு வந்த கதையைச் சொல்ல அந்த டப்பாவைத் தவிர வேறு ஆள் கிடையாது.

கேள்வி: வலைத்தளத்தில் ஒருவரிடம் 8,500 ரூபாய் கொடுத்து 'ஹோனஸ் வாக்னர்' அட்டை வாங்கினேன். பழுத்துப் போய், மூலை மடங்கி, பார்க்கவே பழையதாக இருக்கிறது. படம் அனுப்பியிருக்கிறேன். அசல்தானே?
(ஒரு வாசகர், ராமநாதபுரம்)

பதில்: மனம் கஷ்டப்படுகிறது தம்பி, இது மறு அச்சு. வாக்னர் பிட்ஸ்பர்க் அணியின் பெரிய ஆட்டக்காரர். மேலே சொன்ன டி206 வரிசையில் அவர் அட்டையைச் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். சிகரெட்டோடு தன் படம் பிள்ளைகள் கைக்குப் போவதை அவர் விரும்பவில்லை என்பது ஒரு பேச்சு, பணம் பேசி முடியவில்லை என்பது இன்னொரு பேச்சு. எப்படியோ, இன்று உலகத்தில் இருப்பது அறுபதை ஒட்டித்தான். 2022இல் ஒன்று 72.5 லட்சம் டாலருக்குப் போனது. அசல் 8,500 ரூபாய்க்கு வர வழியே இல்லை.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கினால் பெயரின் எழுத்துகளே புள்ளிகளால் ஆனவை. நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு என்று நாலு நிறப் புள்ளியும் பூ மாதிரி வட்டமிட்டு நிற்கின்றன. அசல் அட்டையைப் போட்டோ எடுத்து, அதை ஆஃப்செட்டில் அடித்தால் எழுத்தும் படத்தோடு சேர்ந்து புள்ளியாகிவிடும். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு: படத்தில் புள்ளி இருப்பதாலேயே போலி என்று சொல்லிவிடக் கூடாது. 1950களின் அசல் அட்டைகளில் படம் புள்ளியாகத்தான் இருக்கும். அவற்றிலும் பெயரும் கட்டமும் திட்டமான மையில் இருக்க வேண்டும். பார்க்க வேண்டியது எழுத்தை.

இன்னொரு சோதனையை உங்கள் ஊரிலேயே செய்யலாம். கள்ள நோட்டு பார்க்கும் ஊதா விளக்கு ஜவுளிக்கடை கல்லாவில் இருக்கும். அதன் கீழே அட்டையைப் பிடியுங்கள். சலவைக்கு நீலம் போடுவது போல, காகிதத்தை வெள்ளையாகக் காட்ட ஒரு ரசாயனம் சேர்ப்பார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் அது காகித ஆலைகளில் பரவியது. அது சேர்ந்த காகிதம் ஊதா வெளிச்சத்தில் பளீரென்று ஒளிரும். 1910ஆம் வருட அட்டை மங்கலாகவே கிடக்கும்.

அந்தப் பழுப்பு நிறம் டீ டிகாக்ஷன் வேலை என்று நினைக்கிறேன். வயதாகிப் பழுத்த காகிதம் ஓரத்தில் அதிகமாகவும் நடுவில் குறைவாகவும் பழுக்கும். உங்களுடையது ஒரே சீராக, நனைத்து எடுத்த வேட்டி மாதிரி இருக்கிறது. பின்பக்கத்தின் அடியில் ஓர் இடத்தில் காகிதத் தோல் சுரண்டியிருப்பதும் தெரிகிறது. 'மறு அச்சு' என்ற இங்கிலீஷ் வார்த்தை அங்கே இருந்திருக்கலாம். மறு அச்சு அடிப்பது குற்றமில்லை. அந்த வார்த்தையைச் சுரண்டிவிட்டு விற்கிறார்களே, அதுதான் பாவம். பணம் கட்டிய ரசீதும் பேசிய செய்திகளும் இருக்கும்போதே புகார் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: தாத்தா கப்பலில் வேலை பார்த்தவர். அவர் பெட்டியில் வட்டமான, தடித்த அட்டை ஒன்று கிடைத்தது. மட்டையோடு ஒருவர், சுற்றிலும் ஜப்பான் எழுத்து. பின்னால் நீளமான எண்ணும், ஒரு கை படமும். இதுவும் சிகரெட் அட்டையா?
(ஒரு வாசகர், பெரியபட்டினம்)

பதில்: இது 'மென்கோ'. ஜப்பான் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான். ஒருவன் அட்டையைத் தரையில் வைப்பான், அடுத்தவன் தன் அட்டையை அதன் பக்கத்தில் ஓங்கி அறைவான். காற்று கிளம்பி, கீழே கிடப்பது புரண்டால் அது அவனுக்கு. அதனால்தான் அவ்வளவு தடிப்பு. நாங்கள் பாம்பனில் சிகரெட் அட்டைகளை வட்டத்துக்குள் அடுக்கிச் சில்லால் அடித்து வெளியே தள்ளி ஜெயிப்போம். அதைத் தெரிந்தவர்களுக்கு மென்கோவை விளக்கவே வேண்டாம்.

அந்தக் கையை நன்றாகப் பாருங்கள். முஷ்டியா, இரண்டு விரலா, விரித்த உள்ளங்கையா? கல், கத்தரி, காகிதம் என்று ஆடும் ஆட்டத்தின் குறி அது. எண்ணும் ஆட்டத்துக்குத்தான், கையை வைத்தும் ஆடலாம், எண்ணை வைத்தும் ஆடலாம். பின்னால் இந்தக் குறியும் எண்ணும் சேர்ந்து இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஜப்பான் என்று சொல்லலாம்.

வயதுக்கு ஒரு வழி இருக்கிறது. போருக்கு முன்னால் ஜப்பானியர் படுக்கை வரியைப் பெரும்பாலும் வலமிருந்து இடமாக எழுதினார்கள், போருக்குப் பிறகு இடமிருந்து வலம் வழக்கமாகிவிட்டது. ஜப்பான் எழுத்து தெரிந்தவரிடம் அந்த வரி எந்தப் பக்கமிருந்து ஓடுகிறது என்று கேளுங்கள். பேஸ்பால் மென்கோ அதிகமாக வந்தது போருக்குப் பிறகான வருடங்களில். தாத்தா எந்த வருடம் கோபே, யோகோஹாமா பக்கம் போனார் என்று அவருடைய கப்பல் புத்தகத்தில் இருந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம்.

கேள்வி: என் அத்தான் டொரண்டோவில் இருக்கிறார். பழைய சாமான் சந்தையில் வாங்கியது என்று பத்து பேஸ்பால் அட்டைகள் கொடுத்துவிட்டிருந்தார். படம் எல்லாம் அமெரிக்க அணிகள். பின்னால் இங்கிலீஷோடு இன்னொரு மொழியும் இருக்கிறது. எந்த நாட்டுச் சரக்கு?
(ஒரு வாசகி, மண்டபம்)

பதில்: இன்னொரு மொழி பிரெஞ்சு. சரக்கு கனடா. அங்கே ஒன்டாரியோ மாநிலத்தில் லண்டன் என்றே ஒரு ஊர் இருக்கிறது. அந்த ஊர் 'ஓ-பீ-சீ' கம்பெனி, அமெரிக்காவின் 'டாப்ஸ்' கம்பெனியிடம் உரிமை வாங்கி அதே படங்களை அடித்தது. 1970 முதல் பின்பக்கத்தை இரண்டு மொழியிலும் போட்டார்கள். ஆகவே உங்களுடையது அந்த வருடமோ அதற்குப் பிறகோ. ஓரத்தைத் தடவினால் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கிறதா? கம்பியால் அறுத்த வெட்டு அது. கட்டிங் மெஷின் பழுது என்று நினைத்துக் கத்தரியால் நேராக்கிவிடாதீர்கள்; வெட்டினால் அளவும் போச்சு, சாட்சியும் போச்சு.

கேள்வி: அட்டையில் வருடமே போடவில்லை. வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?
(ஒரு வாசகர், தொண்டி)

பதில்: அளவிலிருந்து ஆரம்பியுங்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஒல்லியாக இருந்தால் பெரும்பாலும் சிகரெட் காலம். சதுரத்துக்குக் கிட்டத்தட்ட, 60க்கு 73 மில்லிமீட்டர் இருந்து, பின்னால் 'பிக் லீக் சூயிங் கம்' என்று இருந்தால் 1930களில் பாஸ்டனின் 'கௌடி' கம்பெனி போட்டது. டாப்ஸ் 1952 முதல் 1956 வரை பெரிய அட்டை போட்டது, 67க்கு 95. 1957இல் 64க்கு 89 என்று குறைத்தார்கள், சீட்டுக்கட்டுச் சீட்டு அளவு. இன்றுவரை அதுதான் வழக்கம்.

அடுத்தது புள்ளிவிவரம். பின்னால் வருடவாரியாக ஆட்டக் கணக்கு இருந்தால், கடைசி வருடத்தோடு ஒன்றைக் கூட்டுங்கள். 1961 வரை கணக்கு இருந்தால் அட்டை 1962ஆக இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த வழி ஊர்ப் பெயர். அமெரிக்க அணிகள் ஊர் மாறும். டாட்ஜர்ஸ் அணி புரூக்ளினில் இருந்தது, 1958இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போனது. பிரேவ்ஸ் அணி பாஸ்டனிலிருந்து 1953இல் மில்வாக்கிக்கும், 1966இல் அட்லாண்டாவுக்கும் போனது. அட்டையில் பிரேவ்ஸ், மில்வாக்கி என்று இருந்தால் அந்தப் பதின்மூன்று வருடத்துக்குள் வந்துவிட்டது. நம்மிடமும் இதே சங்கதி உண்டு. பழைய பட்டாசு லேபிளிலோ காலண்டரிலோ 'சிவகாசி, இராமநாதபுரம் மாவட்டம்' என்று இருந்தால் 1985க்கு முந்தையது, ஏனென்றால் அந்த வருடம்தான் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972க்குப் பிந்தையது. இந்த இரண்டு வரியை வைத்து என் அச்சகத்தில் கிடந்த ஒரு கட்டு மாதிரி லேபிளுக்கு வயது குறித்திருக்கிறேன்.

கேள்வி: அப்பாவின் பழைய அட்டைகளை ஆல்பத்தில் ஒட்டி வைக்கலாமா, லேமினேஷன் போடலாமா? எங்கள் வீடு கடலுக்கு நூறு அடியில் இருக்கிறது.
(ஒரு வாசகர், தங்கச்சிமடம்)

பதில்: இரண்டும் வேண்டாம். தயவு செய்து வேண்டாம். லேமினேஷன் போட்ட அட்டையைப் பிறகு எவராலும் மீட்க முடியாது. சூட்டில் பசை உருகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். ஒட்டினால் என்ன ஆகும் என்பதை என் வீட்டுக் கதையாகவே சொல்கிறேன்.

என் அப்பா தனுஷ்கோடி பாலத்துறையில் வேலை பார்த்தார். தலைமன்னார் கப்பலுக்கு ஏறி இறங்கும் பயணிகள் சில சமயம் சிகரெட் அட்டைகளைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். 22 அட்டைகள் சேர்த்திருந்தார். கிரிக்கெட் ஆட்டக்காரர்கள், கப்பல்கள், பறவைகள், நடுவில் ஒரே ஒரு பேஸ்பால்காரர். 1961இல் எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்கு சந்தோஷமாக இருக்கட்டும் என்று மைதாப் பசை காய்ச்சி, என் வாய்ப்பாடு நோட்டில் 22ஐயும் வரிசையாக ஒட்டினேன். அப்பா திட்டவில்லை. நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, 'பின்னாடி எழுதியிருந்ததெல்லாம் போச்சேப்பா' என்று மட்டும் சொன்னார். நோட்டு ராமநாதபுரத்தில் அம்மாச்சி வீட்டில் இருந்ததால் 1964 டிசம்பர் புயலுக்குத் தப்பியது. அப்பா இருந்த கடற்கரை தப்பவில்லை.

சிவகாசிக்குப் போய்க் காகிதம் பற்றிக் கொஞ்சம் தெரிந்த பிறகு, பேஸ்பால்காரரைப் பிரித்துப் பார்க்கும் ஆசை வந்தது. பொறுமையில்லாமல் நகத்தால் கிளப்பி இழுத்தேன். முகம் தனியாகக் கையில் வந்தது, வெங்காயத் தோல் கனத்தில். முதுகு நோட்டிலேயே தங்கிவிட்டது, எழுத்து உள்பக்கமாக, பசைக்குள். அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் சில எழுத்துகளின் நிழல் தெரியும். ஆனால் அதே தாளின் மறுபக்கத்தில் ஏழாம் வாய்ப்பாடு இருக்கிறது. 'ஏழெட்டு ஐம்பத்தாறு' என்ற என் மை அதன் மேலே ஏறி நிற்கிறது. எந்த சிகரெட், எந்தத் தொழிற்சாலை, எந்த வருடம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்பாவிடம் கேட்கவும் வழியில்லை.

டி206 போன்ற எண்களை ஏற்படுத்தியவர் ஜெபர்சன் பர்டிக். நியூயார்க் மாநிலத்தில் சிராக்யூஸ் ஊர்க்காரர். மூட்டுவாதத்தால் விரல்கள் முடங்கியவர். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் அச்சுத் துண்டுகளையும் சேர்த்து, நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்துக்குக் கொடுத்தார். அங்கேயே உட்கார்ந்து ஆல்பங்களில் ஒட்டி வரிசைப்படுத்தி, 1963 ஜனவரியில் முடித்தார். மார்ச்சில் இறந்துபோனார். அவரும் ஒட்டினார். ஆனால் எது எது என்று பட்டியல் எழுதிவிட்டு ஒட்டினார். என்னிடம் பட்டியல் இல்லை.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள். பிறகு பாலிப்ரோப்பிலீன் உறை வாங்கி ஒவ்வொன்றாகப் போடுங்கள். பிசுபிசுக்கும் பிவிசி உறை கூடாது. ரப்பர் பேண்ட் போட்டால் இந்த உப்புக் காற்றில் ஒரே வருடத்தில் உருகி ஒட்டிக்கொள்ளும். உறைகளை மூடி இறுகும் டப்பாவில் வைத்து, மருந்து டப்பாவோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போடுங்கள். டப்பாவை வெளிச்சுவரை ஒட்டிய பீரோவில் வைக்காதீர்கள். வாடைக் காற்று மழைக்கு அந்தச் சுவர்தான் முதலில் வியர்க்கும். மாசியில், வெயில் நன்றாக ஏறிய ஒரு நாளில், வீட்டுக்குள் நிழலில் திறந்து பாருங்கள். ராமபாணப் பூச்சி பசையையும் மாவையும் தேடித்தான் வரும். ஒட்டாத அட்டையில் அதற்கு வேலை குறைவு.

ஏற்கெனவே ஒட்டிய அட்டை இருந்தால் பிரிக்காதீர்கள். காகிதம் பாதுகாக்கும் வேலை தெரிந்தவர் கையில் கொடுக்கும்வரை அப்படியே இருக்கட்டும்.

கேள்வி: ஐயா, நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். ஆச்சி சேர்த்த தீப்பெட்டிப் படங்கள் 140 இருக்கின்றன. பேஸ்பால் அட்டையைப் பார்ப்பது போல இதையும் பார்க்கலாமா? லென்ஸ் எங்கே கிடைக்கும்?
(ஒரு மாணவி, பாம்பன்)

பதில்: தாராளமாகப் பார்க்கலாம் கண்ணு. முதலில் 'ஸ்வீடனில் செய்தது', 'ஜப்பானில் செய்தது' என்று இங்கிலீஷில் இருப்பவற்றைத் தனியாக எடுத்து வை. ஜப்பானியர்கள் நம் நாட்டுக்கென்றே சாமிப் படம் போட்ட தீப்பெட்டிகள் அனுப்பினார்கள். 1922இல் இறக்குமதி வரி ஏறியதும் அது குறைந்தது. அதே வருடம் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொழில் கற்றுக்கொள்ளக் கல்கத்தா போனார்கள், அடுத்த வருடம் சிவகாசியில் தீப்பெட்டி பிறந்தது. ஆகவே உன் ஆச்சியின் படங்களில் ஜப்பான் பெயர் போட்ட பழையது ஒன்று இருந்தால், உன் ஊரில் பழைய பாம்பன் ரயில் பாலம் புதிதாக இருந்த காலத்துச் சாமான் அது.

லென்ஸ் நகைக்கடைக்காரர்கள் வாங்கும் கடையில் கிடைக்கும். 'பத்து மடங்கு' என்று கேள். வாங்க வேண்டாம் என்றால் ஒன்று செய். நான் அச்சகத்தில் பிளேட் பார்க்கப் பயன்படுத்திய லென்ஸ்கள் இரண்டு இருக்கின்றன, ஒன்று போதும் எனக்கு. வீட்டுப் பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. பத்திரிகை அலுவலகத்தில் கேட்டால் என் வீட்டுக்கு வழி சொல்வார்கள். படங்களைக் கொண்டுவரும்போது ரப்பர் பேண்ட் போடாதே, ஒரு கனமான புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவா.